கீழே வைத்த கத்தி

அவசரம் என்று ஒன்று வந்துவிட்டால் என்னை நம்பி ஒரு செம்புத் தண்ணீரைக்கூட ஒப்படைக்கக் கூடாது. போன மாதம் முதலமடை ஸ்டேஷனில் ரயில் ஊதியதும் என் மூட்டையை ஏற்றினேன், குடையை ஏற்றினேன், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய பலாப்பழத்தையும் ஏற்றினேன். ரயில் போய்விட்டது. நான் ஏறவில்லை. பலாப்பழத்துக்காரரும் ஏறவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. போட்டால் இதைப் படிக்கிற நீங்களும் அவர் கட்சியில்தான் சேருவீர்கள்.

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும், சிலருக்கு வாய் ஓடும். எனக்கு ஓடிப்போவது புத்தி. கையும் காலும் இருந்த இடத்திலேயே நின்று, ஏற்கனவே பழகிய வேலை எதுவோ அதை வெகு ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். இந்தக் கோளாறு முதன்முதலாக வெளிப்பட்டபோது நான் ஒரு காட்டாற்றின் நடுவில், மூங்கில் ஏற்றிய வண்டியின் மேல், மடியில் இரண்டு மடக்குக் கத்திகளோடு உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். இந்தப் பக்கம் ரயில் என்ற பேச்சே இல்லாத காலம்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு காளை இருந்தது. சிவப்பு நிறம், ஆகையால் பேரும் செவலை. மாமன் வீட்டிலும் ஒரே ஒரு காளை. அது சாம்பல் நிறத்து மயிலை. மாமன் என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு உழவும் முடியாது, வண்டி பூட்டவும் முடியாது. அதனால் இரண்டு வீட்டுக் காளையும் சேர்ந்து ஒரு ஜோடி. இன்றைக்கு எங்கள் காட்டில் ஏர் என்றால் நாளைக்கு அவர் காட்டில். செவலைக்கு ஒன்று ஆகிவிட்டால் இன்னொரு காளைக்கு வழி இல்லை என்பது எனக்கே தெரியும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சுக்குக் கஷாயம்தான். செவலை ஒரு வேளை தீனி தின்னாவிட்டால் மட்டும் அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொள்வாள்.

காளைகள் இரண்டும் ஒரே நுகத்தில் சண்டை சச்சரவில்லாமல் நடந்தன. அப்பாவும் மாமனும் அப்படி நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. விரோதம் ஒன்றும் இல்லை. ஒருவர் மழை வரும் என்றால் மற்றவர் வராது என்பார், அவ்வளவுதான். வருடம் முழுக்க அப்படிப் பேசுவதற்கு ஏதாவது ஒரு பொருள் வேண்டியிருந்தது. அந்த வருடம் அது கத்தியாக அமைந்தது.

மாமன் கொஞ்ச காலம் நெல்லியாம்பதி மலையில் காப்பித் தோட்டத்துக்கு வண்டி ஓட்டப் போயிருந்தார். திரும்பி வரும்போது குளிர்க்காய்ச்சல் ஒன்றும் சீமைக் கத்தி ஒன்றும் கொண்டுவந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. கத்தியைப் பற்றிய பேச்சு விடவில்லை. ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு துரை கொடுத்ததாம். மான்கொம்புப் பிடி, ஓரமெல்லாம் பித்தளை. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்புவதற்கு ஒரு கொக்கி, பன்றிவால் மாதிரி சுருண்ட திருகாணி ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் நகத்தைக் கொடுத்து இழுக்க ஒரு கீறல் இருந்தது. உள்ளே பலமான வில். திறந்தால் 'டக்'கென்று நிற்கும், தானாக மடங்காது. திறப்பதுதான் பாடு.

அப்பாவின் கத்தி எங்கள் ஊர் ஆசாரி, தேய்ந்த வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை அடித்துச் செய்து கொடுத்தது. எருமைக்கொம்புப் பிடி, ஒரே அலகு, ஒரே ஆணி. வில் கிடையாது. கையை ஓர் உதறு உதறினால் அலகு வெளியே வந்துவிடும். அதற்குத் தோன்றினால் தானாக உள்ளேயும் போய்விடும், நடுவில் விரல் இருக்கிறதா என்று பார்க்காது. அப்பாவின் ஆள்காட்டி விரலில் அதற்கு அத்தாட்சி இருந்தது. ஆணி தளர்ந்தால் அதைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் ஒரு தட்டு தட்டுவார். "இப்பப் புதுசு" என்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூண்டு உறவு அறுந்துபோகுமாம். கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் கீழிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை நான் காய் நறுக்குகிற பிச்சாத்தியை நேராக அம்மாவின் கையில் நீட்டிவிட்டேன். அம்மா கரண்டிக் காம்பால் என் விரல் முட்டியில் ஒன்று வைத்து, "உனக்கும் எனக்கும் சண்டை வரோணுமா? கீழ வைடா!" என்றாள். சண்டை அப்போதே வந்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் பாடம் நன்றாக ஏறிவிட்டது. அதன்பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கத்தி கேட்டாலும் கீழேதான் வைப்பேன்.

மழைக்காலம் வருவதற்குள் எங்கள் கூரைக்கும் மாமனின் மாட்டுச் சாளைக்கும் மூங்கில் வேண்டியிருந்தது. கொல்லங்கோட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் மூங்கில் வெட்டும் கூப்பு ஒன்று இருந்தது. விடியற்காலையில் வண்டி பூட்டினோம். வலது பக்கம் செவலை, இடது பக்கம் மயிலை. வண்டிக்குள் அப்பா, மாமன், நடுவில் நான்.

"நடுவுல நல்லா நிமிந்து உக்காரு, கண்ணு" என்றார் மாமன். "உங்கப்பன் பிச்சாத்தியும் பாரு, என்ற பிச்சாத்தியும் பாரு. காட்டு வேலைக்கு எது கெட்டின்னு பொழுதுக்குள்ள நீ தீர்ப்புச் சொல்லிப்போடோணும்."

"இவன் தீர்ப்புச் சொல்றானாக்கும்! நேத்து வரைக்கும் மூக்குச் சிந்தத் தெரியாதவன்" என்றார் அப்பா. ஆனாலும் மடியிலிருந்து கத்தியை எடுத்து வைக்கோலின் மேல் வைத்தார்.

அந்த மரியாதையை நான் மறக்கவே இல்லை. அதற்குமுன் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் "எதுக்குடா அத ஒடச்ச?" என்பதுதான்.

முதலில் புகையிலைக் காம்பு நறுக்கினார்கள். சீமைக் கத்தி சன்னமாக நறுக்கியது. ஆனால் மாமன் அதைத் திறந்து முடிப்பதற்குள் அப்பா தம்முடையதை நறுக்கி வாயிலும் போட்டுவிட்டார். அடுத்தது கொட்டைப்பாக்கு. அதில் ஆசாரி கத்தி மடங்கி அப்பாவின் விரலைத் தேடியது. பிறகு மயிலை கொஞ்சம் நொண்டுவது போலிருக்கவே வண்டியை நிறுத்தி, மாமன் கொக்கியை எடுத்துக்கொண்டு அதன் காலடியில் உட்கார்ந்தார். மயிலை ஒரே ஒரு உதைதான் விட்டது. மாமன் கள்ளிவேலியில் போய் உட்கார்ந்தார்.

"குதிரைக்குச் செஞ்சதக் கொண்டுபோயி மாட்டுகிட்டக் காட்டுனா அது சும்மா உடுமா, மாப்ள?" என்றார் அப்பா. "அதென்ன அது, பன்னிவாலாட்டம் ஒண்ணு? அது எதுக்கு?"

"அது சீசா மூடியத் திருகி எடுக்கறதுக்குங்க, மச்சான்."

"நம்மூட்டுல ஏது சீசா?"

"வெளக்கெண்ண சீசா இல்லீங்களா?"

"அதுக்கு மூடியே கெடையாதே. உங்கக்கா துணியச் சுருட்டித்தான் அடச்சு வெச்சிருக்கா."

மாமன் திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணியையும் இதுலயே எடுக்கலாமுங்க" என்றார்.

ஒவ்வொரு சோதனைக்கும் கத்தி கைமாற வேண்டும், கைக்குக் கையும் மாறக் கூடாது. ஓடுகிற வண்டியில் ஒருவர் வைக்கோலில் வைப்பார். எடுப்பதற்குள் வண்டி ஒரு குழியில் இறங்கும், கத்தி வைக்கோலுக்குள் போய்விடும். "ஹோ, ஹோ" என்று காளைகளை நிறுத்தி மூன்று பேரும் துழாவுவோம். நடந்தே போயிருந்தால் முன்னாடி போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நீதிபதிக்குக் கைக்கூலியும் வந்தது. "என்ற கத்தி செயிச்சா, ஊடு போற வரைக்கும் அது உன்ற மடியிலதான்" என்று மாமன் காதோடு சொன்னார். அப்பா ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. ஆனால் இரவுச் சோறு அப்பாவின் வீட்டில்தானே. ஆகவே ஒரு தடவை அவருக்கு, ஒரு தடவை இவருக்கு என்று தீர்ப்புகளைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டு வந்தேன்.

வழியில் அந்த ஆறு வந்தது. ஆறு என்பது அப்போது மரியாதைக்குச் சொல்கிற பேர். மழையில்லாத நாளில் அது உருண்டைக் கற்களும் நடுவில் ஒரு முழங்கால் தண்ணீரும்தான். காளைகள் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கடந்தன.

கூப்பில் மூங்கில் ஏற்றி முடித்தபோது உச்சிவெயில்தான். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பாரத்தைக் கட்டுவதற்கு மூங்கில் பிளாச்சு வேண்டியிருந்தது. அதை எந்தக் கத்தியால் பிளப்பது என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே நீளத்தில் ஆளுக்கொரு மூங்கில் எடுத்து மரத்தடியில் உட்கார்ந்து பிளந்தார்கள். மாமனுடைய பிளாச்சு நார் நாராக, அழகாக வந்தது. ஆனால் கட்டைவிரல் நகம் பிய்ந்துபோய் ரத்தம் கட்டியிருந்தது. அப்பாவுடையது தடிமனும் ஒல்லியுமாக வந்தது, ஆனால் நிறைய வந்தது. இரண்டு பேரும் வேர்வையோடு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பயந்துபோய், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் என்மேல் கோபம் வந்தது. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கூப்புக் காவல்காரர் மலையாளத்தில், "மலேல் மழையாணு. வேகம் பொய்க்கோ" என்றார். மலையில் மழை, சீக்கிரம் போய்விடு என்று அர்த்தம். எங்கள் தலைக்குமேல் வெயில் கொளுத்தியது. மலை உச்சி மட்டும் கருகிய சட்டி மாதிரி இருந்தது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீர் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. காய்ந்த இலைகளும் நுரையும் மிதந்து வந்தன. அப்பா நின்று பார்த்தார்.

"என்ன மாப்ள, எறங்கலாமா? இல்ல, பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டுப் போலாமா?"

"நின்னா ஏறிப்போகுமுங்க, மச்சான். இப்பவே வெசயா ஓட்டீரலாம்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்பளவு தண்ணீர் இருக்கலாம் என்று, நனையாமலிருக்க இரண்டு பேரும் தங்கள் கத்திகளை எடுத்து மூங்கிலின் மேல் வைத்தார்கள். நான் எடுத்து இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டேன். பாரத்தின் உச்சியில் நான். முன்னால் இரண்டு காளையின் மூக்கணாங்கயிற்றையும் பிடித்துக்கொண்டு அப்பா. பின்னால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மாமன்.

பாதி ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டது. நிறைய மாட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் பாலத்தில் வருவது போன்ற சத்தம். அங்கே பாலமே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். வளைவிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் வந்துகொண்டிருந்தது. மிக உயரம் என்று அன்றைக்கு நினைத்தேன். இடுப்புயரம் இருந்திருக்கும். பயத்தின் அளவுகோல் என்னிடம் அப்போதிருந்தே சரியில்லை.

தண்ணீர் வந்து அடித்ததும் செவலையின் முன்கால் இரண்டு பாறைக்கு நடுவில் இறங்கிவிட்டது. முட்டி போட்டது. எழ முயன்றது. நுகத்தடி அதன் கழுத்தை அமுக்கிக்கொண்டு சரிந்தது. செவலையின் மூக்கு தண்ணீருக்குள் போனது, வந்தது, மறுபடியும் போனது. பக்கத்தில் மயிலை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. கண் மட்டும் வெள்ளையாக உருண்டது. அப்பா மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டு, செவலையின் தாடைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டாங்கயிறு இறுகிப்போச்சு, மாப்ள! அவுக்க முடியாது. அறுக்கோணும். வெசயா வா!"

பூட்டாங்கயிறு என்பது மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பிணைக்கிற கயிறு. மாட்டுக்கொன்றாக இரண்டு கயிறு. அது அறுந்தால்தான் செவலை தலையைத் தூக்க முடியும். மாமன் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, நுகத்தடியின் நடுவில் நின்றார்.

"கண்ணு! கத்திய எடு!"

நான் மூங்கில் மேலிருந்து சறுக்கி, இரண்டு காளைக்கும் நடுவில் வண்டியின் ஏர்க்காலில் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்தேன். தண்ணீர் தொடையில் அடித்தது. மடியிலிருந்து முதலில் கைக்கு வந்தது சீமைக் கத்தி. ஈர விரல், எட்டு வயது நகம். இழுத்தேன். கொக்கி வந்தது. அதை மடக்கிவிட்டு (ஆமாம், மடக்கினேன், திறந்து போட்டதை மடக்க வேண்டும் என்பது பழக்கம்) இன்னொன்றை இழுத்தேன். திருகாணி வந்தது. அந்த வெள்ளத்தின் நடுவில், காளை மூழ்கிக்கொண்டிருக்கும்போது, சீசா மூடி திறப்பதற்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் நான் செய்து முடித்திருந்தேன்.

"பெரிய அலகு, கண்ணு! பெரிய அலகு!"

நகம் கீறலில் நிற்கவில்லை. மாமன் தம் கையிலேயே வாங்கித் திறந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. சீமைக் கத்தியை மறுபடி மடியில் செருகிக்கொண்டு அப்பாவின் கத்தியை எடுத்து ஓர் உதறு உதறினேன். அலகு வெளியே வந்தது. மாமனின் கை நீண்டது. நானும் கையை நீட்டினேன். அப்புறம், அம்மாவின் கரண்டிக் காம்பு சாட்சியாக, என் கை அவர் கையைத் தாண்டிப் போய்க் கத்தியை நுகத்தடியின் மேல் பதவிசாக வைத்தது.

மாமனும் சும்மா இல்லை. நான் வைப்பதற்கு இடம் விட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வைத்தாயிற்று, இனி எடுக்கலாம் என்று அவர் கை திரும்பி வருவதற்குள் ஓர் அலை வந்து நுகத்தடியைத் துடைத்துவிட்டுப் போனது. ஆசாரி அடித்த கத்தி, எருமைக்கொம்புப் பிடி, 'இப்பப் புதுசு' எல்லாம் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் காலியான நுகத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கையில குடுறா!" என்று அப்பா அலறினார். "கையில குடு!"

அவர் வாய்க்குள் தண்ணீர் போனது. செவலையின் ஒரு கண் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது.

சீமைக் கத்தியைப் பல்லில் கடித்து இழுத்தேன். என் முன்பல்லில் ஒரு மூலை உடைந்தது. அந்த மூலை இன்றும் இல்லை, வேண்டியவர்கள் நேரில் வந்தால் காட்டுகிறேன். பெரிய அலகு 'டக்'கென்று நின்றது. கரண்டிக் காம்படி பட்டதிலிருந்து செய்யாத காரியத்தை அப்போது செய்தேன். கத்தியை மாமனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அவர் விரல்கள் மூடிக்கொண்டன. ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், இப்போதே சண்டை ஆரம்பிக்குமா என்பதுபோல.

அப்புறம் அவர் குனிந்தார். நான் கத்தியை மட்டும் பார்த்தேன். நாள் முழுக்க அதைத்தானே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு இழுப்பு, கயிற்றின் புரி பாதி விரிந்தது. இன்னொரு இழுப்பு, கயிறு துண்டாகித் தெறித்தது. ஈரக் கயிறு, புதுக் கயிறு, அத்தனை கனம், இரண்டே இழுப்பு! எனக்கு மயிர் கூச்செறிந்தது.

"சீமைக் கத்தி செயிச்சிருச்சு!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். "மாமன் கத்திதான் கெட்டி!"

மயிலை ஒரு எம்பு எம்பிக் கழன்று, அறுந்த கயிறு தொங்க, கரையை நோக்கித் தாவியது. ஒரு பக்கம் காலியான நுகத்தடி திரும்பியது. வண்டியின் கனம், மூங்கிலின் கனம், என் கனம் எல்லாமாக மறுபக்கம் சாய்ந்தது. அப்பா கழுத்துவரை தண்ணீருக்குள் போனார்.

"மாப்ள" என்றார் அப்பா. கத்தவில்லை. வீட்டில் உட்கார்ந்து கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார்.

மாமன் மறுபக்கம் பாய்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு இரண்டாவது கயிற்றையும் அறுத்தார். கத்தி அதையும் நன்றாகத்தான் அறுத்தது. ஆனால் செவலை தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் அதைப் புரட்டிக்கொண்டு போனது. அப்பா ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே போனார். பிறகு விட்டுவிட்டார்.

வெள்ளம் வந்த மாதிரியே வடிந்துவிட்டது. வண்டியை அங்கேயே விட்டோம். மாமன் மயிலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெகுதூரம் பின்னால் நடந்தார். யாரும் பேசவில்லை. எனக்குக் காரணம் தெரியும். கத்தி கைக்குக் கை போயிருக்கிறது. அம்மா சொன்னது பலித்துவிட்டது. ஆனால் கொடுத்தவன் நான், வாங்கியவர் மாமன். சண்டை எங்கள் இரண்டு பேருக்கும் அல்லவா வர வேண்டும்? அது எப்படி அப்பாவின் மேல் போய் விழுந்தது என்று தோளில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். கொடுக்கச் சொன்னவர் அவர், அதனால்தான் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அம்மா ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க மாமன் எந்தக் கயித்தடா மொதல்ல அறுத்தான்?" என்று கேட்டாள்.

கத்தியைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மயிலைக் கயித்தம்மா! ரெண்டே இழுப்பு! அப்பா பிச்சாத்தியா இருந்தா பொழுதுக்கும் அறுத்துட்டே இருக்கோணும்."

துடுப்பு நின்றது.

"நெசமாவா?"

"நான்தான் பக்கத்துலயே இருந்து பாத்தனே!"

அம்மா துடுப்பை அசைக்கவில்லை. களி அடிபிடிக்கிற வாடை வந்தது. அப்பாவின் கத்தி போனதற்குத்தான் அவளுக்கு வருத்தம் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டுமென்று உண்மையையும் சொல்லிவிட்டேன். "நான் கையில குடுத்துட்டேன், அம்மா. அப்பாவும் மாமனும் பேசாததுக்கு அதான் காரணம்." சொல்லிவிட்டு விரல் முட்டியை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"அதனால இல்ல" என்றாள் அம்மா. பிறகு அடிபிடித்த களியை இறக்கி வைத்துவிட்டு, "அதனாலயே இருக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மாமன் வந்தார். வீட்டுப் பக்கம் வராமல் நேரே மாட்டுச் சாளைக்குப் போனார். அப்பா சாணி வழித்துக்கொண்டிருந்தார். செவலை கட்டுகிற முளை காலியாக இருந்தது. மாமன் மடியிலிருந்து சீமைக் கத்தியை எடுத்தார். துடைத்து மடக்கியிருந்தார். குனிந்து, முளையின் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"வெச்சிருக்கறனுங்க, மச்சான்" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பா சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு எருக்குழிக்குப் போய்விட்டார். மாமன் அந்த முளையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

கதவிடுக்கில் நின்று பார்த்த எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா! நான் செய்த தப்பை மாமன் சரிசெய்துவிட்டார். முறைப்படி கீழே வைத்தாயிற்று. இனி அப்பா குனிந்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. எடுத்துவிட்டால் மாமன் வருவார், மயிலையும் வரும், ஏர் ஓடும்.

அப்பா அன்றைக்கு எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அம்மா கூட்டும்போது விளக்குமாறு கத்தியைச் சுற்றிக்கொண்டு போனது. அப்பா உள்ளே வருவார், அதைத் தாண்டுவார், வேலையைப் பார்ப்பார், திரும்பவும் தாண்டிப் போவார். அவர் கண்ணில் படவில்லையோ என்று நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் நடக்கிற வழிக்கு நகர்த்தி வைத்தேன். அவருடைய தாண்டல்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயிற்று. மழை தொடங்கியது. பித்தளை பச்சை பூத்தது. துருப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பதைப்பு. துணி அடைத்த சீசாவிலிருந்து விளக்கெண்ணெயைத் திருடிக்கொண்டுபோய், அலகை ஒவ்வொன்றாகப் பல்லால் திறந்து எண்ணெய் போட்டு, மடக்கி, அதே இடத்தில் வைத்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு நாள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"அப்பா, மாமன் கத்தி. கீழதான் வெச்சிருக்காரு. எடுத்தாச் சண்ட வராது."

"பாத்தேன், கண்ணு" என்றார் அப்பா. "கெடக்கட்டும்."

"எத்தன நாளைக்குங்கப்பா?"

அவர் சாணிக் கூடைக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர் கத்தியைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார்.

நாளைக்கு எடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கும் அதற்கு எண்ணெய் போட்டேன்.